மாஜரின் டப்பாவில் இருந்த பட்டர்: யாழ்ப்பாணத்து வீடொன்றில் கஞ்சா கேக் நஞ்சான நிகழ்வு

ஒரே வீட்டைச் சேர்ந்த மூன்று பேர், ஒரே ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், ஒருவர் பின் ஒருவராகத் தள்ளாடத் தொடங்கினார்கள். முதலாமவன் நான்கு வயதுப் பையன். எடை 15 கிலோ, அதுவரை பெரிய வருத்தம் எதுவும் வந்ததில்லை. அடுத்தவர் அவனுடைய அம்மம்மா. 68 வயது, பிறசருக்கு இரண்டு வகைக் குளிசை எடுப்பவர். மூன்றாமவர் சின்னம்மா, 34 வயது, திடமான உடம்பு. இடம் வலிகாமத்தில் ஒரு கிராமம். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். வைத்தியசாலைகளின் பெயரையும் அதே காரணத்துக்காக விட்டிருக்கிறேன்.

கஞ்சா புகைத்துவிட்டு வருபவர்களை நம் அவசர சிகிச்சைப் பிரிவுகள் பார்த்துப் பழகிவிட்டன. வாசம் காட்டிக்கொடுத்துவிடும், கூட வந்த கூட்டாளி சொல்லிவிடுவான். தெரியாமல் தின்றுவிட்டு வருபவர் அப்படியில்லை. தான் எதைத் தின்றோம் என்று அவருக்கே தெரியாது. தெரிந்தவரோ வாயைத் திறக்கமாட்டார். இந்த நிகழ்வில் கஞ்சா செய்த கெடுதலுக்கு நிகராக அந்த மௌனமும் செய்தது. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

அன்று பின்னேரம்

மூன்றரை மணிக்குத் தேத்தண்ணி. சின்னம்மா காலையில் அடித்த சொக்லட் கேக் அப்போதுதான் வெட்டப்பட்டது, 24 துண்டாக. பையன் ஒன்று தின்றான். நாலேகால் போல இன்னொன்று கேட்டான், கொடுத்தார்கள். அம்மம்மா ஒன்று. சின்னம்மாவும் ஒன்றுதான், ஆனால் காலையில் கேக் கலவை அடித்த சட்டியை வழித்துத் தின்றவரும் அவரே. பையனின் தாய்க்கு நீரிழிவு, அவர் தொடவில்லை.

ஐந்து மணிவரை எல்லாம் வழக்கம் போல. முற்றத்தில் மட்டையும் பந்தும் வைத்திருந்த பையன் திடீரென்று நிலத்தில் இருந்தான். எழுப்பினால் கால் பின்னியது. காரணமில்லாமல் சிரித்தான், பிறகு மண்ணிலேயே சரிந்து படுத்தான். வெயிலில் ஓடிய களைப்பு என்று நினைத்து உள்ளே தூக்கிக் கிடத்தினார்கள்.

ஐந்தே முக்காலுக்கு அம்மம்மா குசினி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "பிள்ளை, எனக்குக் கால் தரையில படேல்லை" என்றாராம். பிறசர் கூடிவிட்டது என்று அவரே முடிவுசெய்து, இரவு எடுக்க வேண்டிய குளிசையை அப்போதே போட்டுக்கொண்டார். அது எவ்வளவு ஆபத்தான முடிவு என்பது பிறகு தெரிந்தது. ஆறேகாலுக்குச் சின்னம்மாவுக்கு நெஞ்சு படபடத்தது, நாக்கு ஒட்டியது. சுவர் மணிக்கூட்டைப் பார்த்தால் ஒரு நிமிடம் ஒரு மணித்தியாலமாகப் போனதாகச் சொன்னார். சாகப் போகிறேன் என்று அழத் தொடங்கினார்.

ஒரு வீட்டில் மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் இப்படி வந்தால் ஊரில் என்ன நினைப்பார்கள்? முதல் நாள் மரவள்ளிக்கிழங்கு சமைத்திருந்தார்கள், அன்று இஞ்சித் தேத்தண்ணி. மரவள்ளியும் இஞ்சியும் சேர்ந்தால் நஞ்சு என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பக்கத்து வீட்டார் உடனே அதைத்தான் சொன்னார்கள். இன்னொருவர் நாவூறு என்றார். செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றி எரித்தார்கள். மிளகாய்ப் புகைக்கும் பையன் இருமவில்லை, கண் திறக்கவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் தாய்க்குப் பயம் பிடித்தது. ஏழேகாலுக்கு 1990 இலக்கத்துக்கு அழைத்து, சுவசெரிய அம்புலன்சில் முதலில் கிட்டடி வைத்தியசாலைக்கும், அங்கிருந்து ஒன்பது மணியளவில் பெரிய வைத்தியசாலைக்கும் போனார்கள்.

கேக் தின்று ஏறக்குறைய ஒன்றரை மணித்தியாலம் கழித்துத்தான் முதல் அறிகுறி. இந்த இடைவெளியைக் கவனிக்க வேண்டும். ஐந்து மணிக்கு விழுந்த பிள்ளையையும் மூன்றரை மணிக் கேக்கையும் முடிச்சுப்போட யாருக்கும் தோன்றவில்லை. பழுதான சாப்பாடு என்றால் சத்தி வரும், வயிற்றால் போகும். இங்கே இரண்டும் இல்லை.

வைத்தியர்கள் கண்டதும் நினைத்ததும்

பையன்: நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 152, மூச்சு 16, உடல் வெப்பம் 36.1 பாகை. கைகால் துவண்டிருந்தன. கிள்ளினால் முனகினான், கையை இழுத்தான், கண் திறக்கவில்லை. கண்மணிகள் சற்று விரிந்திருந்தன. கண் வெள்ளை சிவந்திருந்தது. அதைச் செத்தல் மிளகாய்ப் புகையின் கணக்கில் எழுதிவிட்டார்கள். இரத்தச் சீனி சரியாக இருந்தது.

யாழ்ப்பாணத்தில் இப்படி ஒரு பிள்ளை வந்தால் வைத்தியர் மனதில் ஓடும் பட்டியல் நீளமானது, வேறு ஊர்ப் பட்டியலும் அல்ல. முதலில் அலரி விதை. 1980களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில்தான் மஞ்சள் அலரி விதை நஞ்சு ஒரு கொள்ளைநோயாகப் பரவியது. அதிலிருந்து, காரணம் தெரியாமல் நஞ்சு என்று வரும் எவருக்கும் இங்கே உடனே ஈசிஜி எடுப்பது வழக்கம். அலரி என்றால் இதயம் மெதுவாகும், ஒழுங்கு குலையும். பையனுக்கு ஒழுங்கு குலையாமல் வேகம் மட்டும். அடுத்தது பூச்சிமருந்து. வெங்காயமும் புகையிலையும் செய்யும் ஊரில் அதை மறக்க முடியாது. ஆனால் அதற்குக் கண்மணி ஊசிமுனையாகச் சுருங்க வேண்டும், எச்சில் வழிய வேண்டும். கட்டுவிரியன் கடித்தால் வலியே தெரியாமல் போகலாம், இமை தொங்கும். அது மூன்று பேரையும் கடித்திருக்கவா போகிறது? ஊமத்தை பொருந்துகிற மாதிரி இருந்தது: விரிந்த கண்மணி, காய்ந்த வாய், வேகமான நாடி, குழம்பிய பேச்சு. ஆனால் ஊமத்தையில் உடம்பு கொதிக்கும், கண்மணி நன்றாகவே விரியும். பையனின் உடம்பு குளிர்ந்திருந்தது.

அம்மம்மாவின் குளிசைகளைப் பையன் எடுத்து விழுங்கியிருப்பானோ என்று கேட்டார்கள். தாய் வீட்டுக்கு அழைத்து எண்ணச் சொன்னார். கணக்குச் சரியாக இருந்தது. மழைக்காலம் என்பதால் டெங்கு, எலிக்காய்ச்சல், மூளைக்காய்ச்சல் எதையும் தள்ளிவிட முடியவில்லை. 2024 டிசம்பரில் வடமராட்சிப் பக்கம் எலிக்காய்ச்சலால் ஆட்கள் இறந்தது எல்லாருக்கும் நினைவிருக்கிறது. தலைக்கு சிடி ஸ்கேன் எடுத்தார்கள், பிழையில்லை. மூளைக்காய்ச்சலுக்கான நுண்ணுயிர்கொல்லியும் வைரஸ் மருந்தும் நரம்பு வழியாகத் தொடங்கினார்கள். முள்ளந்தண்டு நீர் எடுக்க ஆயத்தம் நடந்தது.

இவற்றில் எதையும் குறைசொல்ல முடியாது. தகவல் இல்லாத இடத்தில் இதுதான் சரியான மருத்துவம். ஆனால் நான்கு வயதுப் பிள்ளையின் தலைக்குப் போன கதிர்வீச்சும் நரம்புக்குள் போன மருந்தும், அடுத்து முதுகில் ஏறவிருந்த ஊசியும், ஒரே ஒரு வாக்கியம் சொல்லப்படாததால் வந்தவை.

முடிச்சை அவிழ்த்தவர் பெரியவர்களின் விடுதியில் நின்ற தாதி. சின்னம்மா ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் தண்ணீர் கேட்டார். அவருடைய கண்ணும் சிவந்திருந்தது. மிளகாய் எரித்தபோது அவர் அறைக்குள் கதவைச் சாத்திப் படுத்திருந்தவர். புகை அவருக்குப் படவேயில்லை. தாதி வெளியே வந்தார். விறாந்தையில் கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த அம்மம்மாவின் மகன், அதாவது பையனின் மாமா, சுவரோடு நின்றுகொண்டிருந்தார். பகல் முழுக்கக் காரைநகர் கசூரினா கடற்கரையில் கூட்டாளிமாரோடு இருந்துவிட்டு இரவுதான் திரும்பியவர்.

"தம்பி, வீட்டில ஆரும் கஞ்சா பாவிக்கிறவையோ?"

அவர் பேசவில்லை.

"பொலிஸ் கதையை விடும். உள்ளுக்க பிள்ளைக்கு முதுகில ஊசி போடப் போகினம். தெரிஞ்சால் இப்ப சொல்லும்."

"மிஸி... பிரிட்ஜில ஒரு பட்டர் இருந்தது. நான்தான் செய்து வச்சனான்."

மணி பத்துக்குப் பத்து. முள்ளந்தண்டு ஊசி நிறுத்தப்பட்டது. சிறுநீர்ப் பட்டைச் சோதனை மூவருக்கும் கஞ்சா என்று காட்டியது.

பட்டரின் கதை

மாமா ரொறன்ரோவில் வசிப்பவர். கனடாவில் 2018 ஒக்டோபரிலிருந்து கஞ்சா சட்டபூர்வமானது. தின்பண்டங்கள் அதற்கடுத்த ஆண்டு அனுமதிக்கப்பட்டுக் கடைகளுக்கு வந்தன. அங்கே ஒரு பொதியில் கஞ்சாவின் போதைப் பொருளான டி.எச்.சி. 10 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. பிள்ளைகள் திறக்க முடியாத உறை, கவர்ச்சியில்லாத வெறும் நிறம், எச்சரிக்கை வாசகம் எல்லாம் கட்டாயம். நித்திரைக்காக அதில் ஒன்றை எடுத்துப் பழகியவர் இவர். ஊரில் அது கிடைக்காது. கிடைப்பது, பாக்குநீரிணையைத் தாண்டிப் படகில் வந்து இறங்கும், எல்லாரும் 'கேரள கஞ்சா' என்று சொல்லும் சரக்கு. அம்மாவுக்கு முன்னால் புகைக்கவும் முடியாது. அதனால் பட்டர்.

பட்டர் ஏன்? டி.எச்.சி. தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். 1964இல் இஸ்ரேலில் ரபாயேல் மெக்கூலமும் யெகியேல் காவோனியும் அதைப் பிரித்தெடுத்து அமைப்பைக் கண்டுபிடித்தார்கள். செடியில் அது பெரும்பாலும் டி.எச்.சி.ஏ. என்ற அமில வடிவில் இருக்கிறது; அந்த வடிவத்துக்குப் போதை இல்லை. சூடு பட்டால் கரியமிலவாயுவை உதறிவிட்டு டி.எச்.சி. ஆகிறது. பீடியில் அதை நெருப்பு செய்கிறது, பட்டர் செய்பவர் கேக் சுடும் 'அவன்' அடுப்பில் செய்கிறார். பிறகு சூடான பட்டருக்குள் அது இறங்கி உட்கார்ந்துவிடும். பட்டரின் நிறம் பச்சையாக மாறும், புல் வாசம் வரும்.

இந்தப் பச்சைதான் இங்கே ஏமாற்றியது. அவர் அதைக் காலியான மாஜரின் டப்பாவில் ஊற்றி, மேலே எதையும் எழுதாமல் பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தார். சின்னம்மா திறந்து பார்த்தபோது, அம்மா முருங்கையிலை போட்டு உருக்கிய நெய் என்று நினைத்தார். நெய் காய்ச்சும்போது கடைசியில் முருங்கையிலை போடாத வீடு நம்மிடையே குறைவு. மாஜரின் போதவில்லை, அதனால் இதையும் சேர்த்துக்கொண்டார். கொக்கோவும் வனிலாவும் போட்ட கேக்கில் நிறமும் தெரியவில்லை, வாசமும் தெரியவில்லை.

'அவன்' அடுப்பில் அந்த வெப்பத்தில் வெந்தால் எல்லாம் அழிந்துபோகாதா என்று குடும்பத்தில் ஒருவர் கேட்டார். நல்ல கேள்விதான். அடுப்பின் முள் 180 பாகையில் நிற்கும், ஆனால் கேக்கின் உட்புறம் ஏறக்குறைய 100 பாகையைத் தாண்டாது. உள்ளே நீர் இருக்கும்வரை தாண்டவும் முடியாது. மேல்தோலில் கொஞ்சம் போகலாம். உள்ளே இருப்பது உள்ளேயே இருக்கும்.

அளவு என்ன?

மாமா சொன்ன விவரம்: கஞ்சா 14 கிராம், வடித்தபின் கிடைத்த பட்டர் ஏறக்குறைய 200 கிராம், அதில் கேக்குக்குப் போனது ஏறக்குறைய 150 கிராம். இதை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

சரக்கில் 5 வீதம் டி.எச்.சி. இருந்தால் 14 கிராமில் 700 மில்லிகிராம். பாதி பட்டருக்குள் வந்தது என்று வைத்தால் 350. கேக்குக்குள் போனது 262. இருபத்துநான்கு துண்டுக்குப் பிரித்தால் துண்டுக்கு 11 மில்லிகிராம். சரக்கில் 12 வீதம் இருந்திருந்தால் அதே துண்டில் 26. பார்வைக்கு இரண்டு சரக்கும் ஒன்றுதான், கையில் எடுத்தால் எடையும் ஒன்றுதான். அதற்கு மேல், கலவையில் பட்டர் ஒரே சீராகப் பரவாது. ஓரத் துண்டில் ஒன்று, நடுத் துண்டில் ஒன்று என்று மாறும். சட்டியில் ஒட்டியிருந்ததை வழித்துத் தின்ற சின்னம்மாவின் அளவை யாராலும் சொல்ல முடியாது.

அமெரிக்காவின் போதைப்பொருள் ஆய்வு நிறுவனம் 2021இல் ஆராய்ச்சிகளுக்கு ஒரு 'அலகு' என்று வைத்தது 5 மில்லிகிராம். பழக்கமில்லாத பெரியவருக்கு அதுவே போதும். பையன் தின்ற இரண்டு துண்டில், மேலே போட்ட கணக்குப்படி 22 முதல் 52 மில்லிகிராம். அவனுடைய எடைக்குக் கிலோவுக்கு 1.5 முதல் 3.5 வரை. 2023இல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு, கஞ்சாத் தின்பண்டம் தின்ற பிள்ளைகளில் கிலோவுக்கு 1.7 மில்லிகிராமைத் தாண்டினால் கடுமையான, நீண்டுபோகும் நஞ்சுநிலையை எதிர்பார்க்கலாம் என்று சொன்னது. குறைந்த கணக்கிலும் பையன் அந்தக் கோட்டுக்கு மிகக் கிட்ட நின்றிருக்கிறான். சரக்கு கொஞ்சம் வீரியமானது என்றால் கோட்டைத் தாண்டி வெகுதூரம். கனடாவில் 10 மில்லிகிராம் பொதி வாங்கிப் பழகியவர், ஊரில் ஒரு டப்பாவுக்குள் அப்படி முப்பது, எண்பது பொதிகளை ஊற்றி வைத்திருந்தார். அவருக்கு அது தெரியாது. வீட்டில் செய்யும் எவருக்கும் தெரியாது, ஆய்வுகூடம் இல்லாமல் தெரியவும் வழியில்லை.

தின்பதற்கும் புகைப்பதற்கும் இன்னொரு வித்தியாசம் உண்டு. புகைத்தால் நிமிடங்களில் ஏறும். போதும் என்று ஆள் நிறுத்திக்கொள்ள முடியும். தின்றால் அரை மணி முதல் இரண்டு மணித்தியாலம் வரை ஒன்றும் தெரியாது. பிறகு ஏறி, இரண்டு முதல் நான்கு மணித்தியாலத்தில் உச்சம் தொட்டு, எட்டு, பன்னிரண்டு மணித்தியாலம் என்று நிற்கும். குடலிலிருந்து நேரே ஈரலுக்குப் போவதால் அங்கே 11-ஹைட்ரொக்சி டி.எச்.சி. என்ற பொருளாக மாறுகிறது. அது மூளைக்குள் இன்னும் எளிதாக நுழையும். தெரிந்தே தின்பவர்கள் மாட்டிக்கொள்வதும் இந்த இடைவெளியில்தான். ஒன்றும் செய்யவில்லையே என்று அடுத்ததை எடுப்பார்கள். 2014இல் கொலராடோவில் 19 வயது மாணவர் ஒருவர் ஆறு பங்குக்கான பிஸ்கட்டில் ஒரு பங்கைத் தின்று, அரைமணி பார்த்துவிட்டு மீதியையும் தின்றார்; சில மணித்தியாலங்களில் மாடியிலிருந்து குதித்து இறந்தார்.

அளவு அச்சிட்ட உறையில் விற்கும் நாட்டிலேயே நிலைமை இப்படி. அமெரிக்காவில் ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் கஞ்சாத் தின்பண்டம் தின்றதாக நஞ்சுத் தகவல் நிலையங்களுக்கு வந்த அழைப்புகள் 2017இல் 207, 2021இல் 3,054. பெரும்பாலும் சொந்த வீட்டிலேயே எடுத்துத் தின்றவை.

சிகிச்சை

மாற்றுமருந்து இல்லை. மூச்சு நிற்காமல் பார்த்துக்கொள்வதே சிகிச்சை. பையனைப் பக்கவாட்டில் கிடத்தி, ஒட்சிசன் கொடுத்து, சேலைன் ஏற்றி, தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்தார்கள். மூச்சுக்குழாய்க்குள் செயற்கைக் குழாய் போட எல்லாம் ஆயத்தமாக இருந்தது. நள்ளிரவு தாண்டி ஒருமுறை மூச்சு 12க்கு இறங்கியபோது குழாயைக் கையில் எடுத்தும்விட்டார்கள், ஆனால் தட்டியதும் மூச்சு இழுத்தான். வயிற்றில் உள்ள நஞ்சை உறிஞ்சக் கொடுக்கும் கரித்தூளைக் கொடுக்கவில்லை. நினைவு தெளிவில்லாத பிள்ளைக்கு அது நுரையீரலுக்குள் போனால் இன்னொரு வருத்தம், அதோடு தின்று ஐந்து மணித்தியாலம் கடந்துவிட்டது. காரணம் தெளிவானதால் நுண்ணுயிர்கொல்லி மறுநாள் காலை நிறுத்தப்பட்டது. பத்து மணிக்குக் கண் விழித்துத் தாயிடம் பசிக்குது என்றான். கால் உறுதியாக ஊன்ற மாலையானது.

அம்மம்மாவின் கதைதான் எனக்குப் பையனுடையதை விடக் கவலை தந்தது. டி.எச்.சி. நாடியை வேகப்படுத்தும், எழுந்து நிற்கும்போது பிறசரை விழுத்தும். அதன் மேல் அவர் முன்கூட்டியே போட்ட குளிசை. வைத்தியசாலைக்கு வரும்போது பிறசர் 88/54. மலசலகூடத்துக்கு எழுந்தவர் விழுந்து மணிக்கட்டில் அடிபட்டது. இடுப்பு எலும்பாக இருந்திருந்தால் 68 வயதில் அதன் விலை வேறு. இரத்தம் உறையாமலிருக்க வாபரின் எடுக்கும் முதியவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். அந்த மருந்தை ஈரல் உடைக்கும் பாதையில் கஞ்சா குறுக்கே நிற்கும், இரத்தக் கசிவு வரலாம். நல்லவேளை, இவர் அதை எடுப்பவரல்ல.

சின்னம்மாவுக்கு உடம்பில் பெரிய ஆபத்து இல்லை, மனதில்தான். விடியும்வரை தாதி ஒருவர் பக்கத்தில் இருந்து கையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. கஞ்சா என்று தெரிந்த பிறகு பயம் பாதியாகக் குறைந்தது. தனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தவருக்கு, இது கஞ்சாவின் வேலை, காலையில் போய்விடும் என்று சொன்னதே முதல் சிகிச்சை.

மீதி இருபது துண்டு

இரவு பத்தரைக்கு வைத்தியர் கேட்ட கேள்வி எல்லாரையும் உலுப்பியது: மீதிக் கேக் எங்கே?

கேக் அடித்தால் மதிலுக்கு மேலால் ஒரு தட்டு போகாத வீடு ஊரில் உண்டா? பக்கத்து வீட்டுக்கு ஆறு, பின்வளவுக்கு நாலு. வீட்டில் பத்து. தாய் விறாந்தையில் இருந்தபடியே ஒவ்வொருவருக்கும் அழைத்தார். பக்கத்து வீட்டில் கணவனும் மனைவியும் ஒவ்வொன்று தின்றுவிட்டு, ஏனோ அசதியாக இருக்கிறதென்று எட்டு மணிக்கே படுத்துவிட்டார்கள். எழுப்ப நெடுநேரம் எடுத்தது. அங்கே மருமகள் ஆறு மாதக் கைக்குழந்தைக்குப் பால் கொடுப்பவர். அவர் தன் பங்கைப் பிறகு பார்ப்போம் என்று மூடி வைத்திருந்தார். டி.எச்.சி. தாய்ப்பாலுக்குள் போகும்; தாய் எடுத்து ஆறு நாள் கழித்தும் பாலில் கண்ட ஆய்வு இருக்கிறது. பின்வளவில் நாலு துண்டும் அப்படியே இருந்தன, அதில் இரண்டு மறுநாள் பள்ளிக்கூடச் சாப்பாட்டுப் பெட்டிக்குள்.

கேக்குக்குப் பதில் கறியோ வடையோ என்றாலும் கதை இதுதான். நம் வீட்டுச் சாப்பாடு நம் வீட்டோடு நிற்பதில்லை.

சட்டமும் பயமும்

மாமா வாய் திறக்கத் தயங்கியதை நான் நியாயப்படுத்தவில்லை, ஆனால் விளங்கிக்கொள்ள முடிகிறது. இலங்கையில் 1929ஆம் ஆண்டின் நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டப்படி, பின்னர் வந்த திருத்தங்களோடு, கஞ்சா வைத்திருப்பதே குற்றம். சொந்தப் பாவனை, வீட்டுத் தயாரிப்பு, வெளிநாட்டுக் கடவுச்சீட்டு எதுவும் விலக்கு அல்ல. பட்டராக்கினாலும் கேக்காக்கினாலும் கஞ்சா கஞ்சாதான். நஞ்சு என்று வந்த நோயாளியை வைத்தியசாலையில் உள்ள பொலிஸ் காவலரணுக்கும் சட்ட வைத்திய அதிகாரிக்கும் அறிவிப்பார்கள். பிள்ளை சம்பந்தப்பட்டால் நன்னடத்தைப் பிரிவும் உள்ளே வரும். இவற்றை எல்லாம் மறைத்து, சொன்னால் ஒன்றும் ஆகாது என்று எழுதினால் அது பொய். வழக்கு அதன் பாட்டில் போகிறது.

ஆனால் அவருடைய கணக்கில் ஒரு ஓட்டை இருந்தது. பையனின் சிறுநீர் எப்படியும் சொல்லியிருக்கும். அவர் மறைத்தது பொலிசிடமிருந்து அல்ல, வைத்தியரிடமிருந்து. அதுவும் சில மணித்தியாலத்துக்கு மட்டும். அந்தச் சில மணித்தியாலத்தில்தான் ஸ்கேன் நடந்தது, மிச்ச மருந்துகள் ஏறின, பக்கத்து வீட்டுக் கேக் மூடியின் கீழ் காத்திருந்தது.

விறாந்தையில் உறவினர் ஒருவர் சொன்னது, கஞ்சா மூலிகைதானே, சித்த வைத்தியத்தில் இருக்கிறதே என்று. இருக்கிறது. கைதடியில் சித்த மருத்துவம் படித்தவர் எவரையும் கேட்டால், அங்கே அது சுத்தி செய்து, குன்றிமணிக் கணக்கில் நிறுத்து, வேறு சரக்குகளோடு சேர்த்துக் கொடுக்கும் நஞ்சுச் சரக்கு என்றுதான் சொல்வார். மூலிகை என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு அளவை விட்டுவிட்டால் அலரியும் மூலிகைதான்.

இப்போது

பையனை இரண்டு கிழமை கழித்துக் கிளினிக்கில் பார்த்தார்கள். நடை, பேச்சு, விளையாட்டு எல்லாம் முன்பு போல. அந்த இரவு பற்றி அவனுக்கு நினைவில்லை. அம்மம்மாவின் பிறசர்க் குளிசை அளவு மாற்றப்பட்டது; தலைசுற்று வந்தால் தானாகக் குளிசை போடாமல் முதலில் பிறசர் அளக்க வேண்டும் என்று சொல்லி, வீட்டுக்கு ஒரு பிறசர்க் கருவி வாங்க வைத்தார்கள். சின்னம்மாவுக்கு ஒரு மாதம்வரை இரவில் நெஞ்சு படபடப்பு இருந்தது, மனநலப் பிரிவில் சில தடவை பேசிய பிறகு குறைந்தது.

மாமாவின் நித்திரைப் பிரச்சினைக்கு அவர் இங்கேயும் அங்கேயும் எந்த வைத்தியரையும் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் தெரியவந்தது. அவரையும் அதே மனநலப் பிரிவுக்கு அனுப்பினார்கள். தொடர்ந்து தின்றவர் திடீரென்று நிறுத்தினால் ஒன்றிரண்டு கிழமை நித்திரை குழம்பும், எரிச்சல் வரும், பசிக்காது. அதை முன்கூட்டிச் சொல்லி வைத்தார்கள். பிறகு ஆலோசனை வேண்டுமென்றால் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 இலக்கத்தையும் கொடுத்தார்கள். டப்பாவில் எஞ்சிய 50 கிராம் பட்டரையும், திரும்பி வந்த துண்டுகளையும் பொலிஸ் முத்திரையிட்டு எடுத்துச் சென்றது.